ஓய்வு பெற்ற விண்கலக் குழு கடைசியாக ஒருமுறை கிளம்பினால் நம்புவீர்களா?

கேள்வி: 9 ஜூலை 2025, இரவு 10.40

ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து பேர், முப்பது வருடத்துக்கு முன் ஒரே விண்கலத்தில் வேலை செய்தவர்கள். எல்லாரும் ஓய்வு பெற்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். கேப்டனுக்கு 74 வயது. பழைய கலம் நிலாவைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆபத்து வருகிறது, அந்தக் கலத்தால்தான் அதைத் தீர்க்க முடியும், ஐந்து பேரும் திரும்பக் கூடுகிறார்கள். படித்த நண்பர்கள் "கிழவர்களை யாரப்பா மேலே அனுப்புவான், இது வெறும் பழைய நினைப்பு" என்கிறார்கள். உண்மையில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

10 ஜூலை, காலை 6.15

உங்கள் நண்பர்கள் சொல்வது தப்பு தம்பி. வயதை வைத்து மறுக்கிறார்கள் என்றால் ஒரே பெயரில் முடித்துவிடலாம். அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென். 1962 பிப்ரவரியில் பூமியை மூன்று சுற்று சுற்றினார், ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் 36 வருடம் மேலே போகவேயில்லை, அரசியலுக்குப் போய் செனட்டர் ஆகிவிட்டார். 1998 அக்டோபரில் டிஸ்கவரி ஷட்டிலில் திரும்பப் போனார். வயது 77. ஒன்பது நாள் இருந்தார். முதுமையில் உடம்புக்கு நேர்வதும் விண்வெளியில் உடம்புக்கு நேர்வதும் ஒன்றுபோல இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, தசை கரைகிறது, எலும்பு தேய்கிறது, அதைப் பார்க்கத்தான் அவரை அனுப்பினார்கள். சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு வரவில்லை. ரத்தம் கொடுத்து, மாத்திரை மாதிரி ஒரு வெப்பமானியை விழுங்கி, தலையில் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்கிக் காட்டினார்.

இந்த வருடம் ஏப்ரலில் நாசா வீரர் டான் பெட்டிட் விண்வெளியில் 220 நாள் கழித்துக் கஜகஸ்தானில் இறங்கினார். இறங்கிய நாள் அவருடைய 70ஆவது பிறந்த நாள்.

10 ஜூலை, மதியம் 1.30

பசியாறும்போது யோசித்தேன், காலையில் ஒரு பெரிய ஆளை விட்டுவிட்டேன். இப்போது மேலே இருக்கிற பெக்கி விட்சன். 2018இல் நாசாவில் ஓய்வு பெற்றார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2023இல் தனியார் பயணம் ஒன்றுக்குத் தளபதியாகப் போனார். இப்போது 65 வயதில் மறுபடியும் தளபதி, கூடவே இந்தியாவின் சுபான்ஷு சுக்லா, போலந்துக்காரர் ஒருவர், ஹங்கேரிக்காரர் ஒருவர். ஜூன் 25ஆம் தேதி நம் மலேசிய நேரம் மதியம் இரண்டரைக்குக் கிளம்பினார்கள். நான் கடைத்தெருவில் லோரி நிறுத்துமிடத்தில் நின்று கைப்பேசியில் பார்த்தேன், வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு பார்த்தேன்.

இந்த அம்மாவை நம் நாட்டுக்காரர்கள் மறக்கக்கூடாது. 2007 அக்டோபர் 10, நம் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் பைக்கோனூரிலிருந்து கிளம்பினாரே, அந்த ரஷ்யச் சோயூஸ் கலத்தில் கூட இருந்த இருவரில் ஒருவர் இவர்தான். மற்றவர் யூரி மாலென்சென்கோ. நோன்பு மாதம். இரவு ஒன்பது மணிக்கு மேல். சுங்கை சிப்புட்டில் நாங்கள் உட்காருகிற சாப்பாட்டுக் கடையில் மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லாரும் ஒரே தொலைக்காட்சிக்குக் கீழே. கோப்பையில் தே ஆறிப்போனது யாருக்கும் தெரியவில்லை.

10 ஜூலை, இரவு 11.05

"தனி ஆள் திரும்பிப் போனது சரி, குழு முழுசாகப் போனதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போயிருக்கிறது. 1997 ஏப்ரலில் கொலம்பியா ஷட்டிலில் ஏழு பேர் போனார்கள், பதினாறு நாள் திட்டம். மின்சாரம் தருகிற எரிபொருள் கலம் ஒன்று தகராறு பண்ண, நான்கே நாளில் இறங்கிவிட்டார்கள். அதே ஏழு பேர், அதே ஷட்டில், அதே ஆய்வுப் பெட்டிகள், ஜூலை 1ஆம் தேதி மறுபடி கிளம்பி வேலையை முடித்துவிட்டு வந்தார்கள். ஒரு ஆள்கூட மாறவில்லை.

11 ஜூலை, காலை 7.00

நேற்று இரவு எழுதியது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த ஏழு பேரும் ஓய்வு பெற்றவர்கள் அல்ல, மூன்றே மாதத்தில் திரும்பினார்கள், பயிற்சி அப்படியே சூடாக இருந்தது. முப்பது வருடம் கழித்துக் கூடுவது வேறு விஷயம். நீங்கள் அதைக் கதையில் ஆதாரமாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கதைக்குக் கிட்ட வருவது சல்யூத் 7. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இன்று தோட்டத்துப் பக்கம் ஒரு சாவு, போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

11 ஜூலை, இரவு 9.20

சரி. சல்யூத் 7 சோவியத் நிலையம். 1984இல் லியோனிட் கிசிம், விளாதிமிர் சலவ்யோவ், ஓலெக் அட்கோவ் என்று மூன்று பேர் அங்கே 237 நாள் இருந்தார்கள். அட்கோவ் டாக்டர். எரிபொருள் குழாயில் ஒழுக்கு இருந்தது. கிசிமும் சலவ்யோவும் ஆறு தடவை வெளியே போனார்கள், அதில் ஐந்து தடவை அதைச் சரி பண்ணத்தான். கைக்கு அடங்காத உறை போட்டுக்கொண்டு, குழாயை இறுக்கி, அடைத்து, எல்லாம்.

அடுத்த வருடம் நிலையத்தில் ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் செத்து உள்ளே எல்லாம் உறைந்துவிட்டது. 1985 ஜூனில் ஜானிபெக்கோவ், சவினிக் என்று வேறு இரண்டு பேர் போய், பதில் சொல்லாத நிலையத்தோடு கண்ணால் பார்த்தே இணைந்து, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, இருட்டில் பேட்டரிகளைச் சூரியத் தகடுகளோடு நேராகக் கோத்து அதை எழுப்பினார்கள். சுவரெல்லாம் பனி. பனி உருகினால் தண்ணீர் ஒயருக்குள் போகும், அதனால் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள்.

அதற்கும் அடுத்த வருடம், 1986இல், கிசிமும் சலவ்யோவும் திரும்ப வந்தார்கள். முதலில் புது மீர் நிலையத்துக்குப் போனார்கள். மே மாதம் அங்கிருந்து கிளம்பித் தங்கள் பழைய வீட்டுக்கு, சல்யூத் 7க்குப் போனார்கள். ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு மனிதர்கள் போய்த் திரும்பியது அந்த ஒரு தடவைதான். ஐம்பது நாள் அங்கே தங்கி, பாதியில் நின்ற வேலைகளை முடித்து, சுமார் 400 கிலோ சாமான்களை அவிழ்த்துக்கொண்டு மீருக்கு வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் அதுதான் கடைசிப் பயணம். சல்யூத் 7க்கும் அவர்கள்தான் கடைசி ஆட்கள், 1991 பிப்ரவரியில் அது அர்ஜென்டினா பக்கம் எரிந்து விழுந்துவிட்டது.

மூன்றாவது ஆள், அட்கோவ், அந்தத் தடவை இல்லை. அவர் மறுபடி விண்வெளிக்குப் போகவே இல்லை. இதை உங்கள் கதைக்காகத்தான் சொல்கிறேன். ஐந்து பேரும் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் கழித்து ஐந்து பேரும் வரமாட்டார்கள் தம்பி.

12 ஜூலை, காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்றைய சாவுக்கும் இந்தப் பேச்சுக்கும் தொடர்பு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் பள்ளி விட்டதும் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் வீட்டில் எண்ணெய் ஊற்றும் பையனாகச் சேர்ந்தேன். ஒரு பெரிய லிஸ்டர் டீசல் எஞ்சின். பகலில் பெல்ட் வழியாக ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின்களை ஓட்டும், சாயந்தரம் லயத்து வீடுகளுக்கு விளக்கு தரும், பத்து மணிக்கு நிறுத்துவோம். நான்கு பேர் நாங்கள். டிரைவர் அண்ணன், பெல்ட் பார்க்கிற மாமா, புகைக்கூடத்து மாமா, நான். தொண்ணூறுகளில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆலை மூடியது. மற்ற மெஷின்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எஞ்சின் மட்டும் நின்றது. டிரைவர் அண்ணன் மாதம் ஒருமுறை போய் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருவார், யாரும் சம்பளம் தரவில்லை. 2010இல் அவர் தவறிவிட்டார், எஞ்சினும் நின்றுவிட்டது.

2012 மாரியம்மன் திருவிழா. முந்தின நாள் சாயந்தரம் காற்று மழை, மின்கம்பி மேல் மரம் சாய்ந்து கரண்டு போய்விட்டது. ஈப்போவிலிருந்து வாடகை ஜெனரேட்டர் வரவேண்டிய ரோட்டிலும் மரம். பந்தல் இருட்டில் நிற்கிறது. கோயில் தலைவர் எங்கள் மூன்று பேரையும் தேடி வந்தார். பெல்ட் மாமாவுக்கு அப்போது 71 வயது, புகைக்கூடத்து மாமாவுக்கு ஒரு கண் பார்வை இல்லை. நான் ஒருவன்தான் கொஞ்சம் தெம்பு.

டார்ச் வெளிச்சத்தில் உள்ளே போனோம். வாசனை அப்படியே இருந்தது. டேங்கைக் கழுவிப் புது டீசல் ஊற்றினோம், ஃபில்டரிலும் பம்பிலும் காற்றை எடுத்தோம். நானும் பெல்ட் மாமாவும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற, வேகம் வந்ததும் புகைக்கூடத்து மாமா வால்வைத் தூக்கிப் பிடிக்கிற நெம்புகோலை விடுவார். சக்கரம் சுற்றுகிறது, புஸ் என்கிறது, நின்றுவிடுகிறது. ஆறேழு தடவை. என் உள்ளங்கை உரிந்துவிட்டது.

அண்ணி, டிரைவர் அண்ணனின் மனைவி, எங்களுக்குத் தே கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கதவுக்கு மேல குழாய் வளையுதே, அங்கதான் அவர் துணி கட்டியிருப்பார். டீசல் நாத்தம் அடிக்கிற துணிய தினம் துவைச்சது நான்தானே."

டேங்கிலிருந்து வருகிற குழாய் கதவு நிலைக்கு மேலே ஏறி இறங்கும். ஏறின இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். அந்த வளைவில் இருந்த நட்டை அவர் கொஞ்சம் தளர்த்திக் காற்றை விட்டிருக்கிறார், ஒழுகுகிற டீசலுக்குத்தான் துணி. இரண்டு வருடம் பக்கத்திலேயே வேலை செய்த எனக்கு இது தெரியாது, நான் வருவதற்கு முன்பே காலையில் அதை முடித்திருப்பார். நட்டைத் தளர்த்தினோம், நுரை நுரையாக வந்து அப்புறம் சுத்தமாக டீசல் வந்தது. இறுக்கினோம். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பந்தலில் விளக்கு எரிந்தபோது நாங்கள் மூன்று பேரும் வெளியே போகவில்லை. உள்ளேயே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நேற்று அடக்கம் பண்ணியது பெல்ட் மாமாவை.

12 ஜூலை, இரவு 8.30

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கதைக்கு வருவோம்.

உங்கள் கதையில் "அந்தக் கலத்தால்தான் முடியும்" என்பதை விட "அந்த ஆட்களுக்குத்தான் அந்தக் கலம் தெரியும்" என்பது பலமான காரணம். வாயேஜர் 1ஐப் பாருங்கள். நாசாவின் ஆளில்லாத விண்கலம், 1977இல் கிளம்பியது. 2023 நவம்பரில் அர்த்தமில்லாத எண்களை அனுப்ப ஆரம்பித்தது. பூமியிலிருந்து ஒரு கட்டளை அங்கே போக 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. பொறியாளர்கள் பல பத்தாண்டுக்கு முன் எழுதிய காகிதங்களைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டுப்போனது தெரிந்தது. அங்கே இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் மொத்தமாக வைக்க ஒரே இடம் இல்லை, துண்டு துண்டாக வெட்டிப் பல மூலைகளில் செருகினார்கள். 2024 ஏப்ரல் 20ஆம் தேதி கலம் ஒழுங்காகப் பேசியது.

அந்தக் காகிதத்தில் இல்லாத ஒன்று எப்போதும் இருக்கும். நட்டு இருக்கும் இடம் வரைபடத்தில் இருக்கும், துணி இருக்காது.

13 ஜூலை, மதியம் 12.10

ஒருவர் எலும்பு பற்றிக் கேட்டிருக்கிறார். ஆமாம், எடையில்லாத நிலையில் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் வரை தேயும், அதனால்தான் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. வயதானவர்களுக்கு அது கஷ்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் வயதானவர்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. கதிர்வீச்சால் வருகிற புற்றுநோய் வெளிப்படப் பல வருடம் எடுக்கும். முப்பது வயதுக்காரர் மேல் படுகிற கதிர்வீச்சும் எழுபது வயதுக்காரர் மேல் படுகிற அதே அளவும் ஒன்றல்ல. நாசாவே முன்பு வயது கூடக் கூட அதிக அளவை அனுமதித்தது, 2022இல்தான் எல்லாருக்கும் ஒரே வரம்பு, 600 மில்லிசீவர்ட், என்று மாற்றினார்கள். நிலாவைத் தாண்டிப் போக வேண்டிய, திரும்பி வருவது நிச்சயமில்லாத வேலைக்குக் குழந்தை குட்டி வளர்க்கிறவர்களை அனுப்புவதா, பேரன் எடுத்தவர்களை அனுப்புவதா? உங்கள் கேப்டன் இதைத் தன் வாயால் சொல்லட்டும். சண்டை போட்டுச் சொல்லட்டும்.

14 ஜூலை, இரவு 10.00

இல்லாத ஐந்தாவது ஆளின் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்று கேட்டீர்கள். இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன்.

போகக் கிடைக்காதவரை உட்கார வையுங்கள். அந்தக் காலத்தில் அதே பயிற்சி எடுத்து, மாற்று ஆளாகத் தரையில் நின்று, கைகாட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனவரை. வாலி ஃபங்க் 1961இல் சோதனைகளில் தேறியவர், பெண் என்பதால் அனுப்பவில்லை, 2021இல் 82 வயதில் போனார். எட் டுவைட் அறுபதுகளின் தொடக்கத்தில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானி, அவரைத் தேர்ந்தெடுக்கவேயில்லை, 2024 மே மாதம் 90 வயதில் போனார். இருவரும் மேலே இருந்தது சில நிமிடம்தான்.

நம் நாட்டிலும் பாருங்கள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, கடைசியில் நான்கு பேர் தேறினார்கள். ஷேக் முஸாபார் போனார், ஃபாய்ஸ் காலெட் மாற்று ஆளாக ரஷ்யாவில் முழுப் பயிற்சியும் எடுத்துவிட்டுத் தரையில் நின்றார். அந்த நான்கு பேரில் ஒருவர் வனஜா, பொறியாளர், நம் பெண். அந்தப் பெயரைச் செய்தித்தாளில் பார்த்த அன்று எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அதை வெட்டிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், மழைச் சாரலில் மை கரைகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. தினமும் வந்து சொல்வாள்.

அதனால் அந்த ஐந்தாவது ஆள் ஒரு பெண்ணாக இருக்கட்டும் என்பது என் ஆசை. ஒரு தோட்டத்திலிருந்து போனவளாக இருந்தால் இன்னும் நல்லது.

16 ஜூலை, காலை 6.40

நேற்று மாலை ஐந்தரைக்கு விட்சன் குழு பத்திரமாகக் கலிபோர்னியா பக்கம் கடலில் இறங்கிவிட்டது. எல்லாம் சேர்த்து அவர் விண்வெளியில் இருந்தது 695 நாள் ஆகிறது. கலத்திலிருந்து வெளியே வரும்போது கை பிடித்துத்தான் நிறுத்தினார்கள், இளைஞர்களையும் அப்படித்தான் பிடித்தார்கள்.

இன்று ஜூலை 16. 1986இல் கிசிமும் சலவ்யோவும் தரை இறங்கியதும் இதே தேதிதான்.

18 ஜூலை, இரவு 9.45

நீங்கள் அனுப்பிய மூன்றாம் அத்தியாயம் படித்தேன். ஐவரும் விமான நிலையத்தில் சந்திக்கிற இடம் நன்றாக இருக்கிறது, கேப்டனும் அந்தப் பெண்ணும் பேசிக்கொள்ளாமல் சாமான்களை எண்ணுகிற இடம் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய கலத்துக்குள் போனவுடன் விளக்கெல்லாம் எரிகிறதே, அதை மாற்றுங்கள். முப்பது வருடம் சும்மா கிடந்த கலம் அப்படி எழுந்திருக்காது. குளிர் இருக்கட்டும், சுவரில் பனி இருக்கட்டும், முதல் தடவை தோற்கட்டும். செத்துப்போன எஞ்சினியர் எதை எங்கே தட்டுவார் என்று தெரியாமல் நான்கு பேரும் திகைக்கட்டும். அவருடைய மனைவியோ மகளோ பூமியிலிருந்து பேசட்டும். அவர்களுக்கு இயந்திரம் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம், அவரைப் பற்றித் தெரிந்தால் போதும்.

20 ஜூலை, இரவு 7.15

இன்று பெல்ட் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன், அண்ணியும் வந்திருந்தார். இங்கே எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார், போட்டுவிடுகிறேன். எஞ்சின் பிடித்தது மூன்றாவது சுற்றில் இல்லையாம், ஐந்தாவதில். அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம்.